கோப்பையை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: நான் வேலை செய்யும் கார்மென்டில் என் பகுதியில் 60 பேர். "உங்களை யாராவது ஒதுக்குகிறார்களா?" என்று படிவம் கொடுத்துக் கேட்டோம். எல்லோரும் "இல்லை" என்றே எழுதினார்கள். இரண்டு கிழமை போகவில்லை, "என்னோட ஒருத்தரும் கதைக்கிறேல்லை" என்று அழுதுவிட்டு ஒரு பிள்ளை வேலையை விட்டுப் போனாள். இதை அளக்கவே முடியாதா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: அளக்கலாம். நீங்கள் கேட்ட விதம்தான் பிழை. தன்னை ஒதுக்குகிறார்கள் என்று தன் கையாலேயே எழுத யாருக்கு மனம் வரும்? அதுவும் வன்னியில்! பதிவு, மீள்பதிவு, விசாரணை என்று எத்தனை படிவம் நிரப்பிய சனம் இது. தாளை நீட்டினால் வில்லங்கம் வராத பதிலைத்தான் எழுதும். பெயர் கேட்காதீர்கள், சூப்பர்வைசரைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

நடந்ததைக் கேளுங்கள். வேலையிடத்தில் ஒருவர் ஒதுக்கப்படுவதை அளக்க 2008இல் ஃபெரிஸ் என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட அளவுகோலில் பத்தே விடயங்கள். வணக்கம் சொல்லியும் பதில் வராமல் போனதா, நீங்கள் வந்ததும் மற்றவர்கள் எழும்பிப் போனார்களா, ஆட்கள் நிறைந்த சாப்பாட்டு அறையில் தனியே இருக்க நேர்ந்ததா என்ற மாதிரி. "ஒருபோதும் இல்லை" தொடக்கம் "எப்போதும்" வரை ஏழு படிகள். அப்புறம், சராசரியைப் பார்த்து ஆறுதல்பட வேண்டாம். 59 பேர் 1 என்றும் ஒருத்தி 7 என்றும் குறித்தால் சராசரி 1.1தான் வரும். அந்த ஒருத்தி அதற்குள் காணாமல் போய்விடுவாள்.

தாளோடு நிற்காமல் தேத்தண்ணி நேரத்திலும் போய்ப் பாருங்கள். நான் முன்பு வேலை செய்த கந்தோரில் ஒரு பெண் இருந்தாள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பம். பத்து மணிக்குத் தேத்தண்ணிக் கோப்பைகளை எண்ணி எடுக்கும்போது அவளை எண்ணமாட்டோம். அவள் போத்தலில் கொண்டுவருகிறாளாம். ஒருவரும் அவளை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. "அவவுக்குத் தனிய இருக்கத்தான் விருப்பம்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. உங்கள் படிவத்தை அன்று எங்களிடம் தந்திருந்தால் நாங்களும் "இல்லை" என்றுதான் எழுதியிருப்போம். அவளும் அப்படியே எழுதியிருப்பாள்.

வேலையை விட்டுப்போன பிள்ளையின் வீட்டுக்கு ஒருக்கால் போய் வாருங்கள். எந்த லைனில், யாருக்குப் பக்கத்தில் இருந்து தைத்தாள், மத்தியானம் எங்கே இருந்து சாப்பிட்டாள் என்று கேளுங்கள்.