வீட்டை அடமானம் வைத்துச் சமூகக் கொள்கை படிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள ஆய்வாளராக நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மாதச் சம்பளம் 42,000 ரூபாய். பிரிட்டனில், லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், சமூகக் கொள்கையும் ஆய்வு முறையியலும் சேர்ந்த ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு 2026 செப்டம்பரில் சேர இடம் கிடைத்துள்ளது. கட்டணம் 24,000 பவுண்டு. மொத்தம் 38 லட்சம் ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறேன். என் சேமிப்பு 5 லட்சம். மீதி 33 லட்சத்துக்கு வீட்டை அடமானமாகக் கொடுத்துக் கல்விக் கடன் வாங்கலாம் என்கிறார் ஓய்வுபெற்ற என் அப்பா. வாங்கலாமா?

பதில்: உங்கள் கேள்விக்குள் படிப்பு, கடன் என்று இரண்டு முடிவுகள் கலந்திருக்கின்றன. படிப்பு உங்களுக்குப் பொருத்தமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. கடனை இந்த அளவில், இந்த ஆண்டிலேயே வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் செலவுத் தொகையைத் திருத்த வேண்டும். மாணவர் விசாவுக்காக நீங்கள் கணக்கில் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவு, லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதங்களுக்கு 10,539 பவுண்டு. இதை மட்டும் எடுத்துக்கொண்டு, பவுண்டின் ரூபாய் மதிப்பையும் குறைவாக வைத்துத்தான் 38 லட்சம் என்ற தொகைக்கு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்பது மாதம் என்பது விசா அதிகாரிகளுக்குக் காட்டும் கணக்குதான்; படிப்போ, கடைசி மூன்று மாதங்களில் எழுத வேண்டிய ஆய்வேட்டையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதம் நடக்கிறது, அந்த மாதங்களுக்கும் வாடகை உண்டு. ஆகவே 14,052 பவுண்டு வாழ்க்கைச் செலவு, 2025இல் இருந்த 524 பவுண்டு விசாக் கட்டணம், ஓராண்டுப் படிப்புக்கு வழக்கமாக வரும் 1,164 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆகியவற்றைப் படிப்புக் கட்டணத்தோடு கூட்டினால் 39,740 பவுண்டு ஆகிறது. ஒரு பவுண்டை 120 ரூபாயாக வைத்துக்கொண்டால், விமானச் சீட்டுக்கு முன்பே ஏறத்தாழ 47.7 லட்சம் ரூபாய். பகுதிநேர வேலையில் ஈடுகட்டலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே வேலை செய்ய அனுமதி உண்டு. முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதும் கோடைக்காலமும் கல்விப் பருவமாகவே கொள்ளப்படுகிறது.

ஆக, 33 லட்சம் கடன் போதாது. குறையும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகை உங்கள் அப்பாவின் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்துதான் எடுக்கப்படும். அதைத் தனியே வைத்துவிட்டு, கடனை மட்டும் பார்ப்போம். வட்டி 11 சதவீதம் என்றும், படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றும் கொள்வோம். அந்த இரண்டு ஆண்டுகளுக்குத் தனிவட்டியாகவே கணக்கிட்டாலும், பணம் முழுவதும் தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டால், 7.26 லட்சம் ரூபாய் சேர்ந்துவிடும். பிறகு 40.26 லட்சத்துக்குப் பத்து ஆண்டுத் தவணை மாதம் சுமார் 55,500 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினால் சுமார் 45,800 ரூபாய். இரண்டுமே உங்கள் இப்போதைய முழுச் சம்பளத்தைவிட அதிகம். பதினைந்து ஆண்டுகளில் நீங்கள் கட்டி முடிக்கும் தொகை 82 லட்சத்தைத் தாண்டும்.

பவுண்டில் சம்பாதித்தால் இந்தத் தவணை பெரிதல்ல என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சம்பாத்தியத்துக்கான வாய்ப்பு சுருங்கியிருக்கிறது. படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடுவதற்கான பட்டதாரி விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு இரண்டு ஆண்டிலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைகிறது. 2026 செப்டம்பரில் சேரும் உங்களுக்கு இந்தப் புதிய காலமே பொருந்தும். அதன்பின் திறன் பணியாளர் விசாவுக்கு மாற, பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025 ஜூலை முதல் 41,700 பவுண்டாகவும், பணிவாழ்க்கையைத் தொடங்குவோருக்கு 33,400 பவுண்டாகவும் இருக்கிறது. தொண்டு அமைப்புகளிலும் உள்ளாட்சி மன்றங்களிலும் தொடக்கநிலை ஆய்வுப் பணிக்கு இந்தச் சம்பளத்தோடு விசா ஆதரவும் கிடைப்பது எளிதன்று. கணினித் துறையில் படிக்கச் செல்பவர் எடுக்கும் துணிச்சலை உங்கள் துறையில் எடுக்கக் கூடாது. எனவே கடனைத் திருப்பிக் கட்டும் திறனை இந்தியச் சம்பளத்தை வைத்தே அளவிடுங்கள்.

வரிச் சலுகையைப் பலரும் பெரிதாகப் பேசுவார்கள். கல்விக் கடன் வட்டிக்கு 80இ பிரிவின்படி எட்டு ஆண்டுகள் வரை உச்சவரம்பின்றிக் கழிவு கிடைத்துவந்தது பழைய வரிமுறையில்தான். புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரியே இல்லாத நிலையில், உங்கள் சம்பள நிலைக்கு இந்தக் கழிவால் பயனில்லை.

அப்படியானால் படிப்பைக் கைவிடுவதா? வேண்டியதில்லை. உங்கள் படிப்பின் பெயரில் உள்ள இரண்டு பாதிகளில் பணமதிப்பு உடையது ஆய்வு முறையியல். மாதிரியெடுப்பு, வினாத்தாள் வடிவமைப்பு, தொடர்போக்குப் பகுப்பாய்வு (ரிக்ரஷன்), ஆழ்நேர்காணல் ஆகியவற்றில் பயிற்சி பெற்றவரை மதிப்பீட்டு நிறுவனங்கள் தேடி எடுக்கின்றன. மேலும், பிரிட்டனின் பொருளாதார, சமூக ஆய்வு மன்றம் முறையியல் முதுநிலைப் படிப்பையும் முனைவர் ஆய்வையும் சேர்த்தே நிதியளிப்பது வழக்கம். ஓராண்டு முதுநிலை, மூன்றாண்டு முனைவர் ஆய்வு என்ற பொருளில் ‘ஒன்று கூட்டல் மூன்று’ என்று நெடுங்காலமாக அழைக்கப்பட்ட ஏற்பாடு அது. 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களும் இதற்குத் தகுதி பெறுகிறார்கள், ஒவ்வோர் ஆண்டுச் சேர்க்கையிலும் அதிகபட்சம் 30 சதவீதம் வரை. 2025-26ஆம் ஆண்டுக்கான குறைந்தபட்ச உதவித்தொகை 20,780 பவுண்டு. போட்டி கடுமையானதுதான், ஆயினும் நீங்கள் ஆராய்ச்சியைத் தொடரும் எண்ணம் உடையவரானால், கடன் வாங்கிப் படித்து முடித்தபின் இதற்கு விண்ணப்பிப்பதைவிட, முதலிலேயே இந்த வழியில் முயல்வது அறிவுடைமை.

பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பணி அனுபவம் தேவை, உங்களிடம் நான்கு இருக்கிறது; படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, இங்கேயே பணியாற்ற விரும்புவோருக்குச் சுமையல்ல. காமன்வெல்த் உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகவும் குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள்ளும் இருந்தால் ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை உண்டு. ஆனால் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வுகள் ஆகிய பொருள்களை 2022இல் அதன் நெறிமுறைகள் விலக்கின. உங்களைப் போன்றோரைத்தான் இந்த விலக்கு நேரடியாகத் தாக்குகிறது என்பது என் மனக்குறை. விண்ணப்பத்தில் ஆய்வுப்பொருளை எழுதும் முன், நடப்பாண்டு நெறிமுறையை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா, தள்ளிவைத்தால் கட்டணம் உயருமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அந்த ஓராண்டில் சம்பளத்தை விடாமல் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் தனிநபர் அளவிலான தரவுகளை இலவசமாகப் பெற்று, ‘ஆர்’ என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒரு முழுப் பகுப்பாய்வு செய்து பார்க்கலாம். அதுவே விண்ணப்பத்தோடு இணைக்கத்தக்க சான்றாகும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஆய்வு நல்கைக்கும் நடக்கும் தேசிய ‘நெட்’ தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை பெற்றால் இந்தியாவிலேயே முனைவர் ஆய்வுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். அத்தேர்வுக்குப் பொதுவாக முதுநிலைப் பட்டம் வேண்டும். எனவே உள்நாட்டு முதுநிலைப் படிப்பும் மதிப்புக் குறைந்த மாற்றுவழி அல்ல. மும்பை டாடா சமூக அறிவியல் கழகம் 1936 முதல் இத்துறையில் இயங்கிவருகிறது. 

பகுதி உதவித்தொகை கிடைத்து, மீதிக்குக் கடன் தேவைப்பட்டால் எவ்வளவு வாங்கலாம்? திரும்பி வந்தபின் மாதம் 60,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கைத் தவணைக்கு ஒதுக்கினால், தவணையில்லாத இரண்டு ஆண்டுகளின் வட்டியையும் சேர்த்துப் பார்த்து, 11 சதவீத வட்டியில் பதினைந்து ஆண்டுக்கு 14 லட்சம் ரூபாய்க் கடனைத் தாங்கலாம். அதற்கு மேல் ஒரு லட்சமும் வேண்டாம். வழக்கமான வங்கித் திட்டங்களில் 7.5 லட்சத்துக்கு மேல் சொத்துப் பிணை கேட்பார்கள். சில வங்கிகள் தாம் பட்டியலிட்டுள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குப் பிணையின்றியும் தருகின்றன. உங்கள் பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். வீட்டைக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், கடன் தொகைக்குச் சமமான டேர்ம் காப்பீட்டை உங்கள் பெயரில் எடுத்து, அதன் ஆவணத்தை அப்பாவிடம் கொடுத்த பிறகே அடமானப் பத்திரத்தில் அவரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.