நல்ல ஏரியா

கேள்வி: எனக்கு வயது 44. தண்டையார்பேட்டையில் 14,000 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறோம். நானும் மனைவியும் தனியார் வேலை. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு 1,20,000 வருகிறது. இரண்டு பெண் குழந்தைகள். வேளச்சேரியில் ஒரு கோடி ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்குமாடி வீடு விலைக்கு வருகிறது. கையிருப்பு 15 லட்சம், பி.எஃப். கணக்கில் 18 லட்சம். “நல்ல ஏரியா, விடாதீர்கள். பி.எஃப். பணத்தை எடுங்கள். வீடுதான் பென்ஷன்” என்கிறார் மைத்துனர். வாங்கலாமா? வாங்கினால் ஓய்வுக்காலத்துக்கு என்ன செய்வது? (பெயர் போட வேண்டாம். எங்கள் வீட்டுக்காரரும் உங்கள் வாசகர்.)

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நல்ல ஏரியா? நல்ல ஏரிதான், சந்தேகமே வேண்டாம். 2015 டிசம்பரில் வேளச்சேரித் தெருக்களில் படகு ஓடியதைப் பார்த்த யாரும் உங்கள் மைத்துனரை மறுத்துப் பேச மாட்டார்கள். இந்த ஊரில் எதையெல்லாம் நல்ல ஏரியா என்கிறார்களோ, அங்கெல்லாம் ஒரு காலத்தில் நல்ல ஏரி இருந்திருக்கிறது. தி.நகர், 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர். நுங்கம்பாக்கத்தில் ஏரியைக் காணோம். ஆனால் அங்கே ‘லேக் ஏரியா’ என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஏரி, தமிழிலும் ஏரி, தண்ணீர்தான் இல்லை. மழை பெய்தால் அந்தக் குறையும் தீர்ந்துவிடுகிறது.

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்டபோது, இன்றைய பாண்டி பஜார் பக்கத்தில் எருமைகள் குளித்துக்கொண்டிருந்திருக்கும். தி.நகருக்குப் பெயர் கொடுத்த பிட்டி தியாகராயரே எங்கள் வடசென்னைப் பக்கத்து மனிதர்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. எங்கள் ஆளின் பெயரை வைத்துக்கொண்டு, “அய்யோ, வண்ணாரப்பேட்டையா?” என்று மூக்கைச் சுளிப்பவர்களை என்ன செய்வது? இதை நான் இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியாகிவிட்டது, தெற்கத்தி வாசகர்கள் சிலர் சந்தாவையும் நிறுத்தியாகிவிட்டது. இன்னும் சிலர் மிச்சமிருக்கிறார்கள் போலிருக்கிறது, அதனால் மறுபடி எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு மழைக்கே வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நீச்சல்குளம் ஆகிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தது. அதே மாதக் கடைசியில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் நள்ளிரவில் வீட்டைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஊருக்கெல்லாம் மின்சாரம் வேண்டும், பெட்ரோல் வேண்டும், குப்பையைக் கொட்ட இடம் வேண்டும். அனல் மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் கொடுங்கையூர்க் குப்பைமேடும் இந்தப் பக்கம்தான். அதற்கான தள்ளுபடிதான் இங்கே வீட்டு விலையில் தெரிகிறது. தள்ளுபடியைச் சுவாசிப்பது நாம், மின்சாரத்தாலும் பெட்ரோலாலும் பயன் அடைகிறவர்கள் தெற்கே இருக்கிறார்கள்.

வீட்டுமனை விளம்பரக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போன மாதம் மணலிக்கு அப்பால் ஒரு மனைப்பிரிவுக்கு விளம்பரம் கொண்டுவந்தார்கள். வரைபடத்தில் விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. எண்ணெய் ஆலையைக் காணோம். கொடுங்கையூர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தென்னைமரம், அதன் கீழே ஒரு ஊஞ்சல், ஊஞ்சலில் ஒரு தாத்தா. ‘வரைபடம் அளவின்படி அமைந்ததல்ல’ என்று ஓரத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. தாத்தா எதைச் சுவாசித்து அப்படிச் சிரிக்கிறார் என்று கேட்டேன். விளம்பரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் விளம்பர மேலாளர் அன்றிலிருந்து என்னோடு ஜாடையில்தான் பேசுகிறார்.

கேள்விக்கு வருகிறேன். ஒரு கோடி வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் சேர்த்தால் 1 கோடியே 9 லட்சம். வங்கியில் 75 லட்சம் கடன் கிடைக்கிறது என்று வையுங்கள். கையிருப்பு 15 லட்சம், பி.எஃப். 18 லட்சம். வேலையில் இருக்கும்போது பி.எஃப். பணத்தை முழுவதுமாகத் துடைத்தெடுக்க விடமாட்டார்கள். விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடியே 8 லட்சம் தேறுகிறது. ஒரு லட்சம் குறைகிறது. அதை மைத்துனரிடம் கேளுங்கள். அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தாலே நீங்கள் எனக்கு எழுதியிருக்க வேண்டாம்.

75 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால் மாதத் தவணை 65,000 ரூபாய்க்குச் சற்று மேல். மீதி 55,000-ல் நான்கு பேர் சாப்பிட்டு, இரண்டு பெண்களைப் படிக்கவைத்து, அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணமும் கட்டவேண்டும். கடன் முடியும்போது உங்களுக்கு வயது 64. நீங்கள் வாங்கியது 75 லட்சம், திருப்பிக் கட்டியது 1 கோடியே 56 லட்சம். வட்டி மட்டும் 81 லட்சம். இதே இதழில் சேமிப்புக் குறிப்புகள் எழுதும் நண்பர், “வாடகை தண்டம், தண்டம்” என்று வாரம் தவறாமல் எழுதுகிறார். 81 லட்ச ரூபாய் வட்டிக்கு அவரிடம் என்ன பெயர் இருக்கிறது என்று பலமுறை கேட்டுவிட்டேன். “அது முதலீடு” என்கிறார். சொந்தப் பணத்தை எதில் போட்டிருக்கிறார் என்று மட்டும் சொல்வதில்லை.

இடையில் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. ஐயா, வணக்கம். இதை எழுதியவர் யார் என்று தேடாதீர்கள். தண்டையார்பேட்டையில் 14,000 ரூபாய் வாடகைக்கு இருப்பவர்கள் ஏராளம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. அந்த ‘இல்லையென்றால்’ என்ற சந்து வழியாகத்தான் இந்த ஊரில் பத்து மாத அட்வான்ஸ் உள்ளே நுழைகிறது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று நம்புகிறேன். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிற வழக்கத்தைப் பற்றி அடுத்த இதழில் பேசுவோம்.

‘வீடுதான் பென்ஷன்’ என்ற வாக்கியத்தைக் கண்டுபிடித்தவர் யாரோ, நிச்சயம் அவருக்கு அரசாங்கப் பென்ஷன் வந்துகொண்டிருக்க வேண்டும். உங்களுக்கு என்ன வரும் தெரியுமா? தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், இன்றைய 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்புப்படி, 35 வருடம் உழைத்தவருக்கு மாதம் 7,500. குறைந்தபட்சம் 1,000 என்று 2014-ல் வைத்தார்கள். அந்த ஆயிரத்தை உயர்த்தச் சொல்லித்தான் நரைத்த தலைகள் டில்லி வரை போய் உட்கார்ந்துவிட்டு வந்தன. அப்படியானால் உங்களுடைய உண்மையான பென்ஷன் அந்த 18 லட்சம்தான். இன்றைய 8.25 சதவீத வட்டி அப்படியே நீடித்து, அதைத் தொடாமல் விட்டால், புதிதாக ஒரு ரூபாய் போடாமலே 58 வயதில் ஏறக்குறைய 54 லட்சம். மாதாமாதம் பிடிக்கிற தொகை இதற்கு மேல். இதைத் தூக்கி வேளச்சேரிச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டால், 65 வயதில் மருந்துச் செலவு வரும்போது சமையலறையை மட்டும் தனியே விற்கவா முடியும்? வீட்டை அடகு வைத்து மாதாமாதம் பணம் வாங்கும் ‘தலைகீழ் அடமானம்’ 2007 பட்ஜெட்டிலேயே அறிவித்ததுதான். அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச்செடுத்துப் பாருங்கள், அந்தத் திட்டம் ஏன் இங்கே எடுபடவில்லை என்பது அன்றிரவே புரிந்துவிடும்.

வேளச்சேரியில் பெண்களுக்குப் பள்ளி, மனைவிக்கு அலுவலகம் என்று காரணம் இருந்தால், அங்கே வாடகைக்குப் போங்கள். ஒரு கோடி கேட்கிற அதே வீட்டுக்கு வாடகை எவ்வளவு என்று விசாரியுங்கள்; 65,000-த்தின் பக்கத்தில்கூட வராது. பெண்கள் படிப்பு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

சொந்த வீடுதான் வேண்டும் என்றால், பி.எஃப். பணத்தைத் தொடாமல் பாருங்கள். பெரம்பூரைச் சொல்ல மாட்டேன். பின்னி மில் நிலத்தில் வானளாவக் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஊர் நம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. 2021-ல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. அந்தத் தடத்தை ஒட்டி, திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கு உள்ளே நடந்து பாருங்கள். கண்டெய்னர் லாரி போகிற சாலை வேண்டாம். மழை விட்ட மறுநாள் போங்கள், சுவரில் தண்ணீர் நின்ற கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள். பட்டாவும் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வக்கீல் பார்த்த பிறகுதான் பேச்சு. நிலத்தில் உங்கள் பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் தேடுங்கள். முப்பது வருடம் கழித்துக் கட்டடம் கழிந்துபோனால் மிஞ்சுவது அதுதான்.

40 லட்சத்துக்கு மேல் கடன் வேண்டாம். அதையும் 15 வருடத்தில் முடியுங்கள். மாதம் 39,400 ரூபாய் வரும், 59 வயதில் கடன் தீரும். கையிருப்பு 15 லட்சத்தையும் சேர்த்தால், பத்திரச் செலவு போக 50 லட்சத்து வீடு. மூன்று படுக்கையறை கிடைக்காது. மைத்துனர் வந்தால் கூடத்தில் படுப்பார்.

அதற்கு முன்னால், வருகிற ஆறு மாதத்துக்கு அந்தத் தவணைத் தொகையில் இப்போதைய வாடகை போக மீதி 25,400 ரூபாயை மாதம் பிறந்ததும் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். இரண்டாவது மாதமே கையைக் கடித்தால் வீட்டுப் பேச்சை விட்டுவிடுங்கள், பணமாவது மிஞ்சும். கடிக்கவில்லையென்றால் பத்திரத்தின் நகலோடு எனக்கு எழுதுங்கள், நல்ல வக்கீல் ஒருவரைச் சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு எழுதினால் பதில் வராது.