பங்குச்சந்தை, பணம் பற்றிப் படிக்க நூலகத்தில் எதை எடுக்கலாம்?

டூயி முறையில் (ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண் கொடுத்து) அடுக்கிய நூலகம் என்றால் நேரே 332-க்குப் போங்கள். வங்கி, முதலீடு, பங்குச்சந்தை எல்லாம் அங்கேதான். பொதுப் பொருளாதாரம் 330, கணக்குப்பதிவு 657, நிர்வாகம் 658.

எடுத்ததும் பதிப்பாண்டைப் பாருங்கள். பங்குகளின் நீண்டகால ஆதாய வரி (ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்கான வரி) 10% என்று போட்டிருந்தால் அது பழைய புத்தகம். 2024 ஜூலை 23 முதல் 12.5%, விலக்கு வரம்பும் 1 லட்சத்திலிருந்து 1.25 லட்சம் ரூபாயாகிவிட்டது. மறுஅச்சு ஆண்டை நம்பி ஏமாறாதீர்கள், உள்ளே இருப்பது பெரும்பாலும் பழைய சரக்குதான்.

அமெரிக்க முதலீட்டாளர் பெஞ்சமின் கிரஹாமின் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' (1949) மட்டும் விதிவிலக்கு, பழையதானாலும் எடுக்கலாம். தடிமனைப் பார்த்து மிரள வேண்டாம். 8, 20-ஆம் அத்தியாயங்களை முதலில் படியுங்கள்: விலை ஏறி இறங்கும்போது எப்படி நடந்துகொள்வது, எவ்வளவு மலிவாக வாங்கினால் கணிப்பு தவறினாலும் கை கடிக்காது என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. அமெரிக்க ரயில்வே கடன்பத்திர உதாரணங்களைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.