டேர்ன்டேபிளுக்குள்ளேயே இருக்கும் போனோ ஸ்டேஜ் போதுமா, தனிப் பெட்டி வேண்டுமா?

போதும். உள்ளே இருக்கும் அந்தப் பகுதியை (ஊசியின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்குவதுதான் போனோ ஸ்டேஜ்) அணைத்து வைக்க ஒரு சுவிட்ச் மட்டும் இருக்க வேண்டும். அது இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

முதன்முதலாக ஒரு இசைத்தட்டு செட் வாங்கப்போவதாகவும், உள்ளே போனோ ஸ்டேஜ் உள்ள டேர்ன்டேபிளைப் பார்த்து வைத்திருப்பதாகவும், ஆனால் "உள்ளே இருப்பதெல்லாம் குப்பை, தனியாகத்தான் வாங்க வேண்டும்" என்று தெரிந்தவர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் 'குப்பை'யை என் வீட்டு விறாந்தையில் நின்றே ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் நிலைமை எங்கள் ஊரில் பலருக்கும் உள்ள நிலைமைதான் என்று வைத்துக்கொள்கிறேன். அப்பாவோ மாமாவோ விட்டுப்போன தட்டுகள் கொஞ்சம், 'ஆக்ஸ்' (வெளிக் கருவிகளைச் செருகும் பொது உள்ளீடு) மட்டும் உள்ள ஒரு அம்ப் (அம்ப்ளிஃபையர்) அல்லது ஹோம் தியேட்டர், கையில் அளவான காசு. நீங்கள் பெரிய செட் வைத்திருப்பவர் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு அல்ல, கோபிக்க வேண்டாம்.

போனோ ஸ்டேஜுக்கு இரண்டு வேலை. ஊசியிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது. ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜ் எம்எம் (மூவிங் மேக்னட், காந்தம் அசையும்) வகை என்றால் 3 முதல் 5 மில்லிவோல்ட், சிலதில் அதற்கும் குறைவு. சிடி பிளேயர் தருவது 2 வோல்ட். எனவே அதை முதலில் பெருக்க வேண்டும். அடுத்தது, தட்டு வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து, உச்சத்தொனியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அடித்தொனிக்கே பள்ளம் அகலமாகி, ஒரு பக்கத்தில் 20 நிமிடப் பாட்டு அடங்காது. 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ ஒழுங்குபடுத்திய அளவுப்படி 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் குறைப்பு, 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபெல் கூட்டல். திரும்பக் கேட்கும்போது இதைச் சரியாகத் தலைகீழாக்குவது போனோ ஸ்டேஜ். அது இல்லாமல் நேரே 'ஆக்ஸ்'இல் செருகினால் பாட்டு தூரத்து ரேடியோபோல மெல்லிசாகக் கேட்கும். அதற்குத் தட்டைக் குறை சொல்லக்கூடாது.

இவ்வளவுதான் வேலை. எம்எம் காட்ரிட்ஜுக்கு இதை ஒழுங்காகச் செய்ய இன்றைக்குப் பெரிய செலவு இல்லை. சிறிய ஐசி ஒன்றும் துல்லியமான சில கபாசிட்டர், ரெசிஸ்டர்களும் போதும். ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-எல்பி60எக்ஸ் என்ற ஆரம்ப மாடலிலேயே 2.5 மில்லிவோல்ட் உள்ளே போய் 150 மில்லிவோல்டாக வெளியே வருகிறது, பின்னால் போனோ, லைன் என்று மாற்றும் சுவிட்சும் இருக்கிறது. சிடியைவிடச் சத்தம் குறைவாக இருக்கும்தான். வொல்யூமைக் கொஞ்சம் கூட்டினால் சரி, அது பழுது இல்லை.

இனி எங்கள் ஊர் விஷயம். திருகோணமலையில் மூன்று பக்கமும் கடல். எங்கள் வீடு டச் பே பக்கம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். கேபிள் முனையில் உள்ள ஆர்சிஏ ப்ளக்கின் வெளிவளையத்தில் பச்சை படிவதை யாரும் கவனிப்பதில்லை. 2 வோல்ட் போகும் இணைப்பில் கொஞ்சம் பச்சை இருந்தாலும் சமாளிக்கும். 4 மில்லிவோல்ட் போகும் இணைப்பில் அதுவே கரகரப்பாகவும் ஒரு பக்கம் சத்தம் போய்ப்போய் வருவதாகவும் கேட்கும். தனிப் பெட்டி வைத்தால் அந்த மெல்லிய சமிக்ஞை ஒரு கேபிள், இரண்டு ப்ளக் தாண்டித்தான் பெருக்கப்படும். உள்ளே இருப்பதில் அது ஒரு சாண் வயரில் போய்ப் பெருத்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு உள்ளே இருப்பதைத்தான் சொல்வேன்.

இன்னொன்று கேபிளின் கபாசிட்டன்ஸ், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு. ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-விஎம்95 வரிசைக் காட்ரிட்ஜுகளுக்கு 100 முதல் 200 பிகோஃபரட் வரை என்று கம்பெனியே சொல்கிறது. மலிவான கேபிளில் மீட்டருக்கு 100 தாராளமாக வரும், பெட்டிக்குள் இன்னும் ஒரு 100, 200 இருக்கும். கூட்டிப் பாருங்கள். அளவு மிஞ்சினால் உச்சத்தொனி ஒரு இடத்தில் குத்தும், அதற்கு மேல் விழுந்துவிடும். உள்ளேயே இருக்கும்போது இது தயாரித்தவரின் பொறுப்பு.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெரியப்பா ஒரு காலத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். கோவில் திருவிழா, கலியாணவீடு, சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் தென்னையில் கூம்பு ஸ்பீக்கர் கட்டித் தட்டுப் போடுவார். 1990இல் ஊரைவிட்டு ஓடியபோது தட்டுப் பெட்டியைக் கிண்ணியாவில் இருந்த நண்பர் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அந்தக் குடும்பம் தங்கள் பாடே பெரும்பாடாக இருந்த காலத்திலும் அதைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக் காப்பாற்றித் திருப்பிக் கொடுத்தது. அந்தத் தட்டுகளைத்தான் இன்றைக்கும் வீட்டில் போடுகிறோம். பெரும்பாலானவை கல்கத்தா டம்டம்மில் அச்சானவை. நாதஸ்வர எல்பிகள்தான் பெரியப்பாவின் உயிர்.

அவர் என்னிடம் முதலில் கேட்டதே, "அந்தக் காலத்தில இந்தப் போனோ ஒண்டும் இல்லையே தம்பி, நேர அம்ப்பிலதானே குத்தினனாங்கள்?" என்றுதான். உண்மைதான். அப்போது அவர் வைத்திருந்தது செரமிக் காட்ரிட்ஜ். அது பல நூறு மில்லிவோல்ட் தரும், அடித்தொனி உச்சத்தொனிச் சமன்பாடும் அதன் இயல்பிலேயே ஓரளவு அமைந்துவிடும். ஆனால் ஊசி பாரமாக அமர்ந்து தட்டைத் தேய்க்கும். இன்றைய எம்எம் ஊசி 2 கிராம் அளவில்தான் அமர்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் "ஏன் வீண் செலவு" என்று கேட்டால் இதைச் சொல்லுங்கள், பிழையாகச் சொல்கிறார் என்று மறுத்துக் கதைக்காதீர்கள்.

ஒருநாள் பின்னேரம் மச்சானின் நண்பர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டேர்ன்டேபிளின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "பில்ட்-இன்னா? இது குப்பை, இதில் கேட்டால் தட்டுக்கே மரியாதை இல்லை" என்றார். பெரியப்பா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் உயிரைப்போல வைத்திருந்த தட்டுகளின் மரியாதையைப் பற்றி அவர் முன்னாலேயே இப்படிச் சொன்னது எனக்குச் சுட்டுவிட்டது. அடுத்த முறை வரும்போது அந்த நண்பர் தன் தனிப் பெட்டியையும் கொண்டுவந்தார். எந்தக் கம்பெனி என்று சொல்லத் தேவையில்லை, பெட்டியில் குறை எதுவும் இல்லை.

செருகினோம். பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல்தான் வந்தது. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஹம். அவர் எங்கள் வீட்டுக் கரண்டைக் குறை சொன்னார். நான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். டேர்ன்டேபிளின் எர்த் வயர் முனையில் உள்ள கவை பச்சைபிடித்துக் கிடந்தது. உள் போனோவைப் பயன்படுத்திய காலமெல்லாம் அந்த வயருக்கு வேலையே இருக்கவில்லை. நைஸ் உப்புத்தாளால் செம்பு தெரியும்வரை தேய்த்து, பெட்டியின் திருகாணியை அரைச் சுற்றுக் கழற்றி, கவையைச் சரியாக உட்கார வைத்து இறுக்கினேன். இரைச்சல் நின்றது.

பிறகு ஒரே நாதஸ்வர எல்பியை மாற்றி மாற்றிப் போட்டோம். பெட்டியில் போட்டதும் "பார்த்தீர்களா, உயிர் வந்துவிட்டது" என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆனால் கையேட்டைப் பார்த்தால் எங்கள் டேர்ன்டேபிளின் பெருக்கம் 36 டெசிபெல், அவர் பெட்டியில் 40. அதாவது அவர் பெட்டி 4 டெசிபெல் சத்தமாக ஒலிக்கிறது. சத்தம் கூடியது எதுவானாலும் காதுக்கு நல்லதாகத்தான் கேட்கும். போனில் சத்தம் அளக்கும் செயலியை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு எது ஓடுகிறது என்று சொல்லாமல் பெரியப்பாவிடம் கேட்டோம். தவிலின் தொப்பிப் பக்கம் விழும் அடியை அவர் கவனித்துக் கேட்பார், அதில் அவரை ஏமாற்ற முடியாது. "ரெண்டும் ஒண்டுதான்" என்றார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஊசி வெற்றுப் பள்ளத்தில் ஓடும்போது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்தால் உள் போனோவில் 'ஸ்ஸ்' கொஞ்சம் கூடுதல். கதிரைக்கு வந்துவிட்டால் மின்விசிறிச் சத்தத்தில் அது இல்லை. "உன் ஸ்பீக்கர் போதாது, அதனால்தான் வித்தியாசம் தெரியவில்லை" என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டவர் வீட்டிலும் அப்படியான ஸ்பீக்கர்தானே இருக்கப்போகிறது? அவருக்குத்தானே நான் பதில் சொல்கிறேன்?

அந்தப் பெட்டியின் காசுக்கு நாங்கள் வாங்கியது ஊசி. கூம்பு முனையிலிருந்து நீள்வட்ட முனைக்கு மாற்றினோம். 12 அங்குலத் தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஊசியைக் கடக்கிறது, உள்வட்டத்தில் அதில் பாதிகூட இல்லை. அங்கேதான் கடைசிப் பாட்டில் 'ச' வரும் இடமெல்லாம் துப்புவதுபோலக் கேட்கும். நீள்வட்ட முனை அதைப் பெருமளவு அடக்கியது. அந்த வித்தியாசத்தைக் குசினியில் நின்ற என் மனைவியும் கேட்டுச் சொன்னார்.

தட்டின் மரியாதை என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். கடற்கரைப் பக்கம் ஒரு தங்குமிடத்தில், பெயர் வேண்டாம், சுவர் முழுக்கப் பழைய தமிழ்த் தட்டுகளை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். சிலதில் நடுவில் பெயின்ட் அடித்து மீன் வரைந்திருக்கிறது, ஒன்றில் மணிக்கூட்டு முள். லேபிள் தெரிந்தவற்றை நின்று வாசித்தேன். நல்ல நிலையில் இருந்த நாதஸ்வரத் தட்டு ஒன்று. இரும்புச் சாமான் வாங்குபவரிடம் நிறுத்து எடுத்ததாம். இடம்பெயர்ந்து, எரிந்து, 2004இல் கடலும் வந்து அள்ளிக்கொண்டு போன ஊர் இது. மிஞ்சியதே கொஞ்சம். தட்டு வேண்டாம் என்றால் போடத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஆணி மட்டும் அடிக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. கனடாவில் உள்ள சொந்தக்காரர் அனுப்பப்போகிறார் என்றால் கவனம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபோர்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. ஏசி சிங்க்ரனஸ் மோட்டாரில் ஓடும் பெல்ட் வகை என்றால் 33⅓ சுற்று ஏறத்தாழ 27.8 ஆகிவிடும், பாடகர் ஒன்றரைக் கட்டை இறங்கிப் பாடுவார். டிசி அடாப்டரில் ஓடுவது என்றால் இந்தக் கரைச்சல் இல்லை, அடாப்டரை மாற்றினால் போதும். என் அண்ணா டொரொன்டோவிலிருந்து அனுப்ப முன் இதைப் போனில் சொல்லித்தான் வாங்க வைத்தேன்.

தனிப் பெட்டி யாருக்கு வேண்டும் என்றால், எம்சி (மூவிங் காயில், சுருள் அசையும்) காட்ரிட்ஜ் போடப்போகிறவருக்கு. அதன் வெளியீடு பெரும்பாலும் அரை மில்லிவோல்டுக்கும் கீழே, 60 டெசிபெல் அளவுக்குப் பெருக்க வேண்டும், உள்ளே இருப்பவை அநேகமாக அதற்குப் போதாது. பிறகு, 78 சுற்று அரக்குத் தட்டு நிறைய வைத்திருப்பவருக்கு. அவற்றில் பல ஆர்ஐஏஏக்கு முந்தியவை, கம்பெனிக்குக் கம்பெனி அளவு வேறு, ஊசியும் நாலு மடங்கு தடிப்பாக வேண்டும். உங்களிடம் பழைய ஜப்பான் அம்ப் இருந்து அதில் 'போனோ' என்று இருந்தால் தனிப் பெட்டியும் வேண்டாம், உள்ளே இருப்பதும் வேண்டாம். 70களின் அம்ப்புகளில் அந்தப் பகுதியைக் கவனமாகச் செய்திருப்பார்கள். ஜப்பானுக்கென்று செய்ததா என்று மட்டும் பாருங்கள், அது 100 வோல்ட்.

சுவிட்ச் கட்டாயம் என்று சொன்னது இந்த வழியெல்லாம் பின்னாளுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான். 'லைன்' பக்கம் தள்ளினால் அம்ப்பில் 'ஆக்ஸ்', 'போனோ' பக்கம் தள்ளினால் அம்ப்பில் 'போனோ'. லைனில் வைத்து அம்ப்பின் 'போனோ'வில் செருகினால் இரண்டு முறை பெருகி, அடித்தொனி வீங்கி, கிழிந்த சத்தம் வரும். 'குப்பை' என்று தீர்ப்புச் சொன்ன சிலரின் வீட்டில் நானே போய்ப் பார்த்த பழுது இதுதான்.

உங்கள் அம்ப்பின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கள், எதில் செருகுவது என்று சொல்கிறேன்.