சமூகப்பணி வகுப்பறையில் பாலினமும் பன்மைத்துவமும்: கேள்வி பதில்

முதுநிலை சமூகப்பணி மாணவர்களின் களப்பணியை மேற்பார்வை செய்துவரும் பேராசிரியர் ஒருவர், ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்ட கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: எங்கள் துறையில் பாலினம் பற்றிய தாள் விருப்பப் பாடமாக மட்டுமே உள்ளது. அதைக் கட்டாயப் பாடமாக்கினால் போதுமா, அம்மா? (உதவிப் பேராசிரியர், திருச்சி)

பதில்: கட்டாயமாக்குங்கள். ஆனால் அத்துடன் நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. அந்தத் தாளில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவரே குடும்ப ஆலோசனை மையத்துக்குக் களப்பணிக்குச் சென்று, கணவரிடம் அடிபட்டு வந்த ஒரு பெண்ணைப் பற்றி, "அனுசரித்துச் செல்லுமாறு அறிவுரை வழங்கப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதி வருவதை மேற்பார்வையாளர்கள் பலரும் கண்டிருப்போம். அந்த ஒரு வரியை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, வாராந்தரத் தனிச்சந்திப்பில் அரை மணி நேரம் பேசுங்கள். அந்தப் பெண் என்ன கேட்டு வந்தார்? அனுசரிக்க வேண்டியவர் அவர்தான் என்று முடிவு செய்தது யார்? கணவரிடம் இதே அறிவுரை சொல்லப்பட்டதா? 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி தாம் வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து குடியிருக்க அவருக்கு உரிமை உண்டு என்பதும், பாதுகாப்பு அலுவலரை அணுகலாம் என்பதும், 181 என்ற மகளிர் உதவி எண்ணும் அவருக்குத் தெரிவிக்கப்பட்டனவா? சேவை பெறுபவரின் தன்முடிவுரிமை, அதாவது தம் வாழ்வு பற்றித் தாமே முடிவெடுக்கும் உரிமை, என்று முதல் பருவத்திலேயே கற்பிக்கிறோம். அது மாணவரின் பழக்கமாகிவிட்டதா என்பதை இத்தகைய வரிகள்தான் காட்டிக்கொடுக்கும். என்னைக் கேட்டால், பாலினக் கல்வியின் முதன்மையான பாடநூல் மாணவரின் களப்பணிப் பதிவேடுதான்.

கேள்வி: விரிவுரையைத் தவிர, மாணவர்களே செய்து உணரும்படியான பயிற்சி ஒன்றைச் சொல்லுங்கள். (விரிவுரையாளர், சேலம்)

பதில்: ஊர் மக்களையே சேர்த்துக்கொண்டு அவர்கள் நிலையை அறியும் பங்கேற்பு ஊரக மதிப்பீட்டில் பயன்படும் அன்றாட வேலைக் கடிகாரத்தை முதலில் அவரவர் வீட்டுக்கே வரையச் சொல்லுங்கள். தாய்க்கு ஒரு வட்டம், தந்தைக்கு ஒரு வட்டம். விழிப்பது முதல் உறங்குவது வரை யார் எதைச் செய்கிறார் என்று குறிக்க வேண்டும். தண்ணீர் பிடிப்பதும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், ரேஷன் கடை வரிசையில் நிற்பதும் பெரும்பாலான மாணவர்களின் முதல் வரைவில் விடுபட்டுப் போகும். ஏன் விடுபட்டன என்று கேட்கும் இடத்தில்தான் வகுப்பு உண்மையில் தொடங்குகிறது.

அடுத்த கட்டமாக, 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளலாம். மாதம் 1000 ரூபாய் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கிறது, பணம் வந்த குறுஞ்செய்தி யாருடைய கைபேசிக்குப் போகிறது, எதற்குச் செலவிடுவது என்று யார் சொல்கிறார் என்று மாணவர்கள் கேட்டறியட்டும். வளம் கைக்கு வருவது வேறு, அதன்மீது அதிகாரம் இருப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் பயிற்சியை நான் கண்டதில்லை. கணவர் அருகில் இருக்கும்போது இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.

கேள்வி: இத்தகைய வகுப்புகளில் ஆண்கள் அனைவரும் குற்றவாளிகளாகவே பேசப்படுகிறோம் என்று தோன்றுகிறது. (முதுநிலை மாணவர், மதுரை)

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, தம்பி. நாம் ஆராய்வது ஒரு அமைப்பையே தவிர, உங்கள் நடத்தையை அல்ல. குடும்பத்தைக் காப்பாற்றியாக வேண்டும், அழக் கூடாது என்று அந்த அமைப்பு ஆண்களின்மீது சுமத்துவனவும் பாடத்தில் இடம்பெற வேண்டும். ஆயினும், கேள்வி கேட்கப்படாத வசதி ஒன்று தமக்கு இருந்ததை உணரும்போது எவருக்கும் சங்கடம் ஏற்படும். அந்தச் சங்கடத்தோடு சற்று நேரம் இருந்து பாருங்கள்.

கேள்வி: திருநங்கை ஒருவரை அழைத்துத் தம் வாழ்க்கைக் கதையைப் பேசச் சொன்னால் போதாதா? (துறைத் தலைவர், சென்னை)

பதில்: அழையுங்கள், பிற சிறப்புப் பேச்சாளர்களுக்கு அளிக்கும் அதே மதிப்பூதியத்தை அவருக்கும் அளியுங்கள். ஆனால் துயரக் கதையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அவர் சட்டம் பற்றியோ நலத்திட்டம் பற்றியோ பேச விரும்பலாம். அறுவைச் சிகிச்சை குறித்து எவரும் கேட்கக் கூடாது என்று மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று ஏற்றுக்கொண்டது. திருநங்கைகளுக்கான நலவாரியமோ தமிழ்நாட்டில் 2008இலேயே அமைந்துவிட்டது. இவற்றை அறியாத மாணவருக்கு விருந்தினரே அடிப்படைப் பாடம் நடத்தும் நிலை வரக் கூடாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு செய்தி. பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த தன்பால் ஈர்ப்புள்ள இரு பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இப்பொருள் குறித்துத் தமக்குத் தெளிவு வேண்டும் என்று உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்வு ஒன்றை மேற்கொண்டார். பின்னர் 2021 ஜூன் 7 அன்று, பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்து ஆணையிட்டார். ஒரு நீதிபதிக்கு இருந்த அந்தத் திறந்த மனம் நமக்கும் வேண்டும்.

கேள்வி: பன்மைத்துவம் பற்றிய பாடத்தில் சாதியைப் பேசினால் வகுப்பில் பிளவு வரும் என்கிறார்கள். தவிர்த்துவிடலாமா? (களப்பணி ஒருங்கிணைப்பாளர், திருநெல்வேலி)

பதில்: தவிர்க்கவே கூடாது. பன்மைகளை மதித்தலைச் சமூகப்பணியின் மையக் கொள்கைகளுள் ஒன்றாக 2014ஆம் ஆண்டின் உலகளாவிய வரையறை வைக்கிறது. நம் மண்ணில் சாதியை விட்டுவிட்டு எந்தப் பன்மையைப் பேசுவது? ஊரக முகாமுக்கு இடம் பார்க்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. மாணவர்கள் ஊருக்குள் தங்குகிறார்களா, காலனியில் தங்குகிறார்களா? கூட்டம் கோயில் வாசலில் நடந்தால் யாரால் வர முடியாது? பெண்கள் கூட்டம் என்று அறிவித்துவிட்டு, பகலில் கூலி வேலைக்குப் போகும் தலித் பெண்கள் வர இயலாத காலை 11 மணிக்கு வைத்தால், அறிக்கையில் "பெண்களின் பங்கேற்பு" என்று எழுதப்படுவது யாருடைய பங்கேற்பு? ஒரே நேரத்தில் பெண்ணாகவும், தலித்தாகவும், நிலமற்றவராகவும் இருப்பவரின் நிலையை மாணவர் இங்கேதான் காண்பார். ஆனால் எந்த மாணவரையும் தம் சாதியை வெளிப்படுத்தும்படி வற்புறுத்தக் கூடாது. அனுபவத்தைச் சொல்வதும் சொல்லாதிருப்பதும் அவரவர் விருப்பம்.

கேள்வி: சக்கர நாற்காலி பயன்படுத்தும் மாணவி ஒருவருக்கு, களப்பணிக்குப் பதிலாக நூலகப் பணி தர எண்ணுகிறோம். சரியா? (உதவிப் பேராசிரியர், கோயம்புத்தூர்)

பதில்: சரியன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேண்டுவது நியாயமான இணக்க ஏற்பாட்டை. விலக்கி வைப்பதை அன்று. தரைத்தளத்தில் இயங்கும் நிறுவனத்தைத் தேடுங்கள், போக்குவரத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். முடிவெடுக்கும் முன் அந்த மாணவியிடமே கேளுங்கள்.