பேய்க்குத் தெரிந்தால் போதுமா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

முதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பழைய நூலகத்தில் பைண்டிங் வேலை செய்யும் பெண்தான் நாயகி. துப்பறிவதில் அவளுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. பல வருடங்களுக்கு முன் புத்தக அலமாரி ஏணியிலிருந்து விழுந்து இறந்துபோன நூலகர் அம்மாள் ஒருவர் ஆவியாக இவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறார். விபத்து என்று முடிந்துபோன விஷயம், ஆனால் அவர் "என்னைத் தள்ளிவிட்டார்கள்" என்கிறார். கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் மர்மமுமாகக் கொண்டுபோக ஆசை. பாதி எழுதியதும் ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். "யார் கொன்றது என்று பேயையே கேட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடுமே, பேய் வந்துவிட்டால் அது துப்பறியும் கதையே இல்லை" என்றார். எல்லாம் அவளுடைய மனப்பிரமை என்று கடைசியில் முடித்துவிடச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மனப்பிரமை முடிவு வேண்டவே வேண்டாம். அந்த அம்மாள் பேசியதை நம்பி, அவர் கோபித்துக்கொண்டதற்குச் சிரித்து, அவருக்காகக் கொஞ்சம் வருத்தமும் பட்டுக்கொண்டு கூடவே வந்த வாசகரிடம் கடைசிப் பக்கத்தில் "அப்படி ஒருத்தர் இல்லவே இல்லை" என்று சொன்னால் புத்தகத்தைத் தூக்கி எறிவார். எறிய வேண்டியதுதான்.

ஆனால் உங்கள் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரே துப்பறியும் நாவல்கள் எழுதியவர், இந்த வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். அமானுஷ்ய சக்திகளுக்கு இடமே கிடையாது என்பது இரண்டாவது கட்டளை. அப்படி ஒரு மர்மத்தை அவிழ்ப்பது, ஆற்றுப் படகுப் போட்டியில் மோட்டாரை ஒளித்துவைத்து ஜெயிப்பதைப் போன்றது என்று காரணமும் சொன்னார். முதல் உலகப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் ஆவிகளோடு பேச ஆசைப்பட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்த காலம் அது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலே ஆவிகள் உண்டு என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார், ஆனாலும் ஹோம்ஸை ஒருநாளும் ஆவியிடம் துப்புக் கேட்க விடவில்லை. நாக்ஸின் உவமையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவர் தடுப்பது மோட்டாரைத்தான். துடுப்பை மனிதர் போட்டால் போதும், படகில் பேய் உட்கார்ந்து வரலாம், தப்பான திசையைக்கூடக் காட்டலாம்.

இந்த வகை நாவலின் உயிர், தெரிவதற்கும் நிரூபிப்பதற்கும் நடுவே இருக்கிற தூரத்தில் இருக்கிறது. இதற்குக் கதை தேடி எங்கும் போக வேண்டாம், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உண்மையாகவே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. 1897 ஜனவரியில் கிரீன்பிரையர் என்ற மாவட்டத்தில் ஸோனா ஷூ என்ற இளம்பெண் வீட்டில் இறந்து கிடந்தாள். டாக்டர் வருவதற்குள் கணவனே அவளுக்கு உயரமான காலர் வைத்த உடையை மாட்டிவிட்டிருந்தான். அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு டாக்டரைக் கழுத்துப் பக்கம் சரியாகப் பார்க்கவும் விடவில்லை. இயற்கையான மரணம் என்று அடக்கம் செய்துவிட்டார்கள். அதன்பிறகு தாயார் மேரி ஜேன் ஹீஸ்டர், மகள் தொடர்ந்து சில இரவுகள் தன் முன்னால் வந்து நின்று, கணவன்தான் கழுத்தை முறித்தான் என்று சொன்னதாக அரசு வழக்கறிஞரிடம் போய் நின்றார். உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள், கழுத்து முறிந்திருந்தது. அந்த ஆண்டே கணவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் நீதிமன்றத்தில் வருகிறது. அரசுத் தரப்பு பேய் விஷயத்தை வாயே திறக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டது, அதைச் சொன்னால் வழக்கே கேலிக்கூத்தாகிவிடும் என்ற பயம். கணவனின் வழக்கறிஞர்தான் அந்தத் தாயைக் குழப்பி அவர் சொல்லை மதிப்பிழக்கச் செய்யலாம் என்று அதைக் கிளறினார். அந்த அம்மா துளியும் அசைந்து கொடுக்கவில்லை, கிளறியது கிளறியவருக்கே பாதகமாகப் போயிற்று. மகளின் ஆவி வந்ததோ இல்லையோ, அவர் மனசுக்குள் தெரிந்த ஒன்று முறிந்த கழுத்தெலும்பாக மாறும்வரை அதற்கு எந்த மதிப்பும் இல்லை. உங்கள் நாயகி நாவல் முழுக்க நடக்கவேண்டிய தூரம் இதுதான்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. பயிற்சி இல்லாதவர் துப்பறியும் கதைகளில் எப்போதும் உறுத்துகிற கேள்வி, இவருக்கு ஏன் இந்த வேலை, போலீஸிடம் போகலாமே என்பது. பெரும்பாலான எழுத்தாளர்கள் இதற்கு ஒரு முட்டாள் இன்ஸ்பெக்டரை உருவாக்கித் தப்பித்துக்கொள்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. உங்களுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. "செத்துப்போன அம்மாள் சொன்னார்" என்று இவள் எந்த ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுப்பாள்? வேறு வழியில்லாமல்தான் தானே இறங்குகிறாள். உங்கள் இன்ஸ்பெக்டர் நல்ல புத்திசாலியாகவே இருக்கட்டும், "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்கிற ஒவ்வொரு முறையும் இவள் முழிக்கவேண்டியிருக்கும். சிரிப்பு அங்கே தானாக வரும்.

சரி, பேயையே கேட்டால் முடிந்துவிடாதா? முடியாது, ஏனென்றால் பேய் ஒரு சாட்சி, அவ்வளவுதான். செத்துப்போனதால் ஒருவருக்கு எல்லாம் தெரிந்துவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1922இல் எழுதிய ஒரு சிறுகதையில் கொலையுண்டவனின் ஆவியே ஒரு பெண்ணின் வாய்வழியாக வாக்குமூலம் கொடுக்கிறது, அதுவும் மற்றவர்கள் சொல்வதோடு ஒத்துப்போவதில்லை. உயிரோடு இருக்கிற சாட்சிகளிடம் இருக்கிற மறதி, வீம்பு, தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் ஆசை எல்லாம் ஆவிக்கும் இருக்கும்.

உங்கள் நூலகர் அம்மாளையே எடுத்துக்கொள்வோம். விழுந்த நொடியில் முதுகில் ஒரு கை பட்டது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. பின்னால் நின்றது தன் உதவியாளர் என்றும் தெரியும், அவரோடு அன்று காலையில்தான் சண்டை வேறு. அதனால் இத்தனை வருடமாக அந்த உதவியாளரைச் சபித்துக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே திரிகிறார். அந்தக் கை தள்ளிய கையா, விழுகிறவரைத் தாங்க நீண்ட கையா? முதுகுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். அம்மாள் பொய் சொல்லவில்லை, உணர்ந்ததை அப்படியே சொல்கிறார், அர்த்தம்தான் தப்பு. உங்கள் நாயகியும் அதை நம்பி ஒரு நிரபராதியின் பின்னால் பாதி நாவல் அலையட்டும். அப்புறம் ஒருநாள் மூலையில் போட்டுவைத்த அந்தப் பழைய ஏணியை அவள் கையில் எடுக்கிறாள். உடைந்த படியின் முனையில் காய்ந்து பொருக்காகிப்போன பசை. தச்சர் போடும் பிசின் எப்படி இருக்கும், தான் தினமும் கிண்டுகிற மாவுப் பசை எப்படி இருக்கும் என்று அவளுக்கு விரல் நுனியில் தெரியும். மாவுப் பசை காகிதத்தைப் பிடிக்கும், ஆள் பாரத்தைத் தாங்காது. மரத்துளைக்குள் வெள்ளிப்பூச்சி அரித்த தடமும் இருக்கலாம், மாவுப் பசை என்றால் அதற்கு உயிர். ஆக, யாரோ முன்கூட்டியே படியைக் கழற்றி, பார்வைக்கு உறுதியாகத் தெரியும்படி பைண்டிங் பசையால் ஒட்டிவைத்திருக்கிறார்கள், பைண்டிங் அறைக்குச் சாவி வைத்திருந்த ஒருவர். பேய் சொல்லாததை இவள் தன் தொழிலால் கண்டுபிடித்தாயிற்று. விரும்பினால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் வேதாளமும் இதைத்தானே செய்தது. எல்லாக் கதையும் அதற்குத் தெரியும், ஆனாலும் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். பதில் சொல்லவேண்டியது சுமந்துகொண்டு நடக்கிறவன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பேயால் என்ன முடியும், என்ன முடியாது என்பதை ஆரம்பத்திலேயே வாசகருக்குத் தெரியப்படுத்திவிடுங்கள், அதுவும் விளக்கவுரையாக இல்லாமல் ஒரு காட்சியாக. அம்மாள் நூலக வாசலைத் தாண்ட முடியாது என்றால், தாண்டப் பார்த்துத் தோற்றுப்போவதை முன்பக்கங்களிலேயே காட்டிவிடுங்கள். பக்கத்தைப் புரட்ட முடியாது, விரித்து வைத்த பக்கத்தைப் படிக்க மட்டும் முடியும் என்றால், அவருக்காக நாயகி தினமும் ஒரு புத்தகத்தை விரித்துவைத்துவிட்டுப் போகட்டும், மறுநாள் "அடுத்த பக்கம் என்னாச்சு" என்று அவர் சண்டைக்கு வரட்டும். விதியும் புரியும், மனுஷியும் புரிவாள். கதை இக்கட்டில் மாட்டும்போது அவருக்குத் திடீரென்று புதிய சக்தி முளைத்தால், அதுதான் நாக்ஸ் சொன்ன மோட்டார்.

முடிவைப் பற்றிக் கேட்டீர்கள். ஹாட்ஜ்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1910 முதல் எழுதிய, கார்நாக்கி என்ற பேய்த் துப்பறிவாளரின் கதைகளில் சில வழக்குகளில் பேய் உண்மை, சிலவற்றில் மனிதர்களின் பித்தலாட்டம், எது எதுவென்று கடைசிவரை தெரியாது. அந்த வழி அழகுதான், ஆனால் உங்கள் கதையில் பேய் முதலிலேயே வந்து உட்கார்ந்து வம்பளக்கிறது, அதனால் அது உங்களுக்கு ஒத்துவராது. கொலையாளி பிடிபட்டதும் ஒளியில் கரைந்து போகிற முடிவையும் தவிர்த்துவிடுங்கள், எல்லோரும் எழுதி எழுதித் தேய்ந்துவிட்டது. இத்தனை வருடம் தப்பான ஆளைச் சபித்துவிட்டோம் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும்போது என்ன செய்வார்? அந்த உதவியாளர் இன்னும் உயிரோடு இருக்கிறார், இவரோ அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் உங்கள் நாயகி வழியாகத்தான் கேட்க வேண்டும். அந்த அத்தியாயத்தை முதலில் எழுதிவிட்டு அப்புறம் பாதியில் விட்ட இடத்துக்கு வாருங்கள். எழுதியதும் அனுப்புங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்