ட்ரில்லா, இம்பாக்ட் ட்ரைவரா? வாங்க முதல் பற்றரியையும் சார்ஜரையும் பாருங்கோ

கேள்வி (உப்புவெளி): அண்ணா, வீட்டுக்குப் பின்பக்கம் கொஞ்சம் இறக்கி பொக்ஸ் பார் அடிச்சு கூரைச் சீற் போடப்போறன், பிறகு கதவு, அலுமாரி எண்டு பலகை வேலையும் கிடக்கு. ஒரு மெஷினுக்குத்தான் காசு இருக்கு. கடையில 48 வோல்ட் எண்டு ஒண்டைக் காட்டி, 18 வோல்ட் எல்லாம் இப்ப ஆரும் வாங்குறேல்ல எண்டு சொல்லுறாங்க. எதை எடுக்கிறது?

பதில்: தம்பி, முதல்ல அந்த 48ஐ விடுங்கோ. 88, 98, 128 எண்டு கூட எழுதி விக்கிறாங்கள். பெட்டியில என்ன எழுதியிருக்கு எண்டு பாக்காம சார்ஜரைத் திருப்பி அவுட்புட் எவ்வளவு எண்டு பாருங்கோ, 21 வோல்ட் எண்டு கிடந்தா உள்ளுக்க வரிசையா இருக்கிறது 5 செல்தான். ஒரு லித்தியம் செல் சாதாரணமா 3.6 வோல்ட், முழுக்க சார்ஜ் ஏறினா 4.2. அப்ப 5 செல்லுக்கு 18, முழுசா ஏறினா 21. '20 வோல்ட் மேக்ஸ்' எண்டு விக்கிறதும் இதே 5 செல்தான், ஆக 18ம் 20ம் ஒண்டுதான். காசு குடுக்க வேண்டியது ஆம்பியர் அவருக்கு (Ah எண்டு எழுதியிருக்கும், பற்றரியில எவ்வளவு சார்ஜ் நிக்கும் எண்ட கணக்கு). 2 ஆம்பியர் அவர் பற்றரிக்குள்ள 5 செல் இருக்கும், 4, 5 எண்டு வாறதுகளில பொதுவா 10 செல் (5 படி ரெண்டு வரிசை, வோல்ட் மாறாது), அதால பாரமும் கூட. 5 ஆம்பியர் எண்டு எழுதின பற்றரி கையில பஞ்சு மாதிரி இருந்தா அதை அப்பிடியே மேசையில வச்சிட்டு வாங்கோ.

இனி எந்த மெஷின் எண்டு பாப்பம். ட்ரில்லுக்கு முன்னால மூண்டு பல்லு வச்ச சக் இருக்கும், வட்டத் தண்டுள்ள எந்த பிட்டையும் பிடிக்கும், அதுக்குப் பின்னால நம்பர் போட்ட கிளச் வளையம் இருக்கும், நீங்க வச்ச அளவுக்கு இறுகினதும் டக்டக் எண்டு விட்டிடும். இம்பாக்ட் ட்ரைவருக்கு சக் இல்ல, 6.35 மில்லிமீற்றர் அறுகோண ஓட்டை மட்டும்தான். ஸ்க்ரூ ஆணி இறுகத் தொடங்கினதும் உள்ளுக்க ஒரு சுத்தியல் சுத்துற பக்கமாவே அடிக்கத் தொடங்கும், அதாலதான் அவ்வளவு பலம் வந்தாலும் கை முறுகாது. சாதாரண 18 வோல்ட் ட்ரில் 50, 60 நியூட்டன் மீற்றர் (முறுக்குற பலத்தின்ர அளவு) எண்டா இம்பாக்ட் 150க்கு மேல போகும். ஆனா அது முன்னுக்கும் பின்னுக்கும் அடிக்கிற அடி இல்ல, அதால சுவர் துளைக்க அதை நம்பாதீங்கோ.

ஒண்டே ஒண்டுதான் எண்டா உங்களுக்கு நான் சொல்லுறது ஹாமர் போடக்கூடிய ட்ரில், அதாவது சுத்திக்கொண்டே முன்னுக்கும் அடிக்கிறது. ஓட்டை போடவும் வேணும், கீல் பூட்டவும் வேணும், பிளொக் கல்லுச் சுவரில ஒரு ரோல் பிளக் அடிக்கவும் வேணும், இதெல்லாம் அது செய்யும். கொன்கிறீற் பீம் மட்டும் அதுக்கு ஏலாது, அதுக்கு எஸ்டிஎஸ் ரொட்டறி ஹாமர் (கொன்கிறீற் துளைக்கிற பெரிய மெஷின்) வேணும், அதை வாடகைக்கு எடுங்கோ. வாங்குற கம்பனியில பற்றரி இல்லாம மெஷின் மட்டும் தனிய விக்கிறாங்களா எண்டும் கேளுங்கோ, பிறகு இதே பற்றரிக்கு இம்பாக்டையும் எடுக்கலாம்.

சீற் அடிக்கேக்க கவனிக்க வேண்டியது ஆணிக்குக் கீழ இருக்கிற கறுத்த ரப்பர் வாஷர். அது தகர மூடிக்கு வெளியில லேசா எட்டிப் பாக்கேக்க நிப்பாட்டுங்கோ. இன்னும் ரெண்டு அடி அடிச்சுப் பிதுங்க விட்டா வெயிலுக்கு வெடிக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில சரியா அந்த ஓட்டையாலதான் ஒழுகும். இம்பாக்ட்ல இது நொடியில நடந்திடும், ட்ரில் எண்டா கிளச்சைக் கீழ் நம்பரில தொடங்கி ஒவ்வொண்டாக் கூட்டிப் பாக்கலாம். வேலை முடிய சீற்றுக்கு மேல கிடக்கிற இரும்புத் தூளை அண்டைக்கே கூட்டி இறக்குங்கோ. எங்கட கடல் காத்துக்கு அது உடன கறள் பிடிச்சு சீற்றையும் திண்டிடும்.

கேள்வி (திருகோணமலை நகரம்): கனடாவில இருந்து மாமா வாறார், டிவோல்ட் செற் ஒண்டு கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறார். ஓம் எண்டு சொல்லலாமோ?

பதில்: மெஷினும் பற்றரியும் நல்லது, பிரச்சினை சார்ஜர்தான் தங்கச்சி. அங்கத்தைய கரண்ட் 120 வோல்ட், எங்கட 230. சார்ஜர்ல இன்புட் 120 மட்டும் எண்டு இருந்தா இங்க செருகின உடன போயிடும், பிளக் மாத்துற அடப்டர் போட்டா வோல்ட் மாறாது. டிவோல்ட் அங்க 20 வோல்ட் மேக்ஸ் எண்டு விக்கிற பற்றரியும் மற்ற நாடுகளில 18 வோல்ட் எக்ஸ்ஆர் எண்டு விக்கிறதும் ஒண்டுக்கொண்டு பொருந்தும், அதால 220-240 வோல்ட் சார்ஜரை மட்டும் இங்க வாங்கினாச் சரி, அது எங்க கிடைக்கும், என்ன விலை எண்டு விசாரிச்சுப்போட்டு மாமாவுக்குச் சொல்லுங்கோ. ஜப்பான்ல இருந்து வாற பழைய மெஷின்களுக்கும் இதே கதைதான், அங்க 100 வோல்ட்.

பிளைட்ல ட்ரில் பெரிய லக்கேஜ்ல வரலாம், கழட்டின பற்றரி கைப்பையிலதான் வரவேணும். 100 வாட் அவர் (Wh, வோல்ட்டை ஆம்பியர் அவரால பெருக்கினா வாறது) வரைக்கும் பிரச்சினை இல்ல, 100இல இருந்து 160 வரைக்கும் எயார்லைன்ஸிட்ட அனுமதி கேக்க வேணும், அதுவும் ரெண்டுதான் கொண்டு வரலாம். 20 வோல்ட் 5 ஆம்பியர் அவர் எண்டா சரியா 100, அதோட நிப்பாட்டச் சொல்லுங்கோ. பற்றரியின்ர செப்புத் தகடுகளுக்கு மேல ரேப் ஒட்டச் சொல்லவும் மறக்காதீங்கோ. அங்கத்தைய வொரண்டி இங்க பெரும்பாலும் செல்லாது, அதையும் யோசிச்சுக் கொள்ளுங்கோ.

கேள்வி (குச்சவெளி): வள்ளம் திருத்துற வேலை அண்ணை, சாமான் எல்லாம் கடற்கரைக் கொட்டில்லதான். இம்பாக்ட்ல பிட் போடுற இடம் இறுகிப் போச்சு, பற்றரியும் முந்தி மாதிரி நிக்குதில்ல. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் பாதியில முறியுது.

பதில்: மூண்டுக்கும் மூண்டு காரணம். பிட் போடுற இடத்தில உப்பும் ஈரமும் இறங்கியிருக்கு. பற்றரியைக் கழட்டிப்போட்டு பிரஷ்ஷால தூசி எடுத்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி அந்த வளையத்துக்கு விட்டு முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து விடுங்கோ, கூட ஊத்தினா மண் ஒட்டும். பிறகு தினமும் வேலை முடிய துணியால துடைச்சாலே காணும்.

பற்றரியைக் கெடுக்கிறது சூடு. தகரக் கொட்டில் மத்தியானத்தில அடுப்புத்தான், அதுக்குள்ள முழுச் சார்ஜோட பற்றரியை விட்டா செல் கெதியாக் கிழடாகும். மெஷினை அங்க விட்டாலும் பற்றரியை வீட்ட கொண்டு போங்கோ. வேலை முடிஞ்ச கையோட கொதிக்கக் கொதிக்க சார்ஜ் போடாம அரை மணித்தியாலம் நிழலில ஆற விடுங்கோ. மழைக்காலத்தில தொழில் இல்லாம கன நாள் வைக்கிறதெண்டா பாதிச் சார்ஜ்ல வைக்கோணும், முழுக்க இறங்கினதை அப்பிடியே மாசக்கணக்கில போட்டா சிலது திரும்ப சார்ஜே எடுக்காது. தகடுகள் பச்சை பிடிச்சா கொன்டாக்ட் கிளீனரால துடைச்சு நல்லாக் காய விடுங்கோ.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மென்மையானது, இம்பாக்ட்ல வேகமா அடிக்கேக்க சூடாகி மரையோட மரை ஒட்டிப் பிடிக்கும், பிறகு தலைதான் முறியும். அளவான ஓட்டை முதல்ல போட்டு, நட்டுக்குப் போற மரையில கொஞ்சம் கிறீஸ் தடவி, மெதுவா ட்ரில்லால ஏத்துங்கோ, கடைசித் திருப்பைக் கையால குடுங்கோ. ஃபைபருக்குள்ள இம்பாக்டால அடிச்சு இறுக்கவே வேண்டாம், ஸ்க்ரூவைச் சுத்தி வெடிப்பு ஓடும், அந்த வெடிப்பால தண்ணி உள்ளுக்க போகும்.

கேள்வி (மூதூர்): ஆறு மாச வொரண்டி எண்டு குடுத்த ட்ரில் ரெண்டாம் மாசமே நிண்டு போச்சு. பற்றரிக்கு வொரண்டி இல்ல எண்டு கடைக்காரர் சொல்றார்.

பதில்: பில்லை எடுத்துப் பாருங்கோ, மெஷினுக்கு மட்டும் எண்டு எழுதியிருக்கா, இல்லாட்டி சும்மா ஆறு மாசம் எண்டு மட்டுமா? சும்மா எண்டா அவர் வாயால சொல்லுறதை ஏற்கத் தேவையில்ல. முதல்ல கடையிலயே அதே மாதிரி வேற பற்றரி போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கோ, பழுது மெஷினிலயா பற்றரியிலயா எண்டு அப்பவே தெரிஞ்சிடும். அதுக்குப் பிறகும் மறுத்தா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு எடுத்துக் கேளுங்கோ. குடுத்த வொரண்டிப்படி சாமான் இல்லாட்டி முறையிடலாம் எண்டு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில இருக்கு, ஆனா வாங்கி 3 மாசத்துக்குள்ள எழுத்தில குடுக்க வேணும். உங்களுக்கு ரெண்டு மாசம் போயிட்டுது, இந்தக் கிழமையே எழுதுங்கோ, பில் கொப்பியையும் சேர்த்து.